குலசேகரத்தின் குதிரைப் படையெடுப்பு

குலசேகரத்துக்குப் பெயர் ராஜாவுடையது. ஆள், பினாங்குத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் அலுவலகத்தில் குமாஸ்தா. வெயில் கொளுத்தினாலும் கையில் குடை இருக்கும். யோகலட்சுமியைப் பெண் பார்த்துவிட்டு, "யோசித்துச் சொல்கிறேன்" என்று இரண்டு தீபாவளியை ஓட்டியவர். பிறர் தன்னைக் கேலி செய்வதற்குள் தானே செய்துகொள்வது ஒன்றில்தான் அவர் முந்துவார்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு, அலுவலகம் கம்ப்யூட்டருக்கு மாறப்போகிறது என்று கேள்விப்பட்டுப் பயந்துபோய் வீட்டுக்கும் ஒன்று வாங்கினார். பக்கத்து வீட்டு சிக்கந்தர் அதில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தான். ஊர் அமைக்க வேண்டும், படை திரட்ட வேண்டும், மற்றவன் ஊரைப் பிடிக்க வேண்டும். ஒருவர் முறை முடிந்த பிறகே அடுத்தவர் முறை. அதுவரை மற்றவர்கள் திரையைப் பார்க்காமல் வாசலில் போய் நிற்க வேண்டும்.

குலசேகரம் களஞ்சியம் கட்டினார், கோயில் கட்டினார், நூலகத்துக்கு அஸ்திவாரம் போட்டார். ஞாயிறுதோறும் சிக்கந்தரின் குதிரைகள் வந்து அத்தனையையும் எடுத்துக்கொண்டன.

"அண்ணே, நீங்க கும்பாபிஷேகம் பண்ணி முடிக்கிறதுக்குள்ள நான் வந்துடுறேன் லா," என்றான் சிக்கந்தர். "ஆரம்பத்துலயே அடிக்கணும். அப்போ எதிராளி ஊர்ல ஒத்தக் காவல்காரன்தான் நிப்பான். மதில் எழும்பிருச்சுன்னா அப்புறம் ஒன்னும் நடக்காது."

"நான் அடிக்கப் போயிட்டா என் ஊர யாரு தம்பி பாத்துக்கிறது?"

"அவன் தன் ஊரக் காப்பாத்துவானா, உங்க ஊருக்கு வருவானா?"

இது குலசேகரத்தின் மண்டைக்குள் ஏறிவிட்டது. வாரம் முழுக்க அலுவலகத்துக் காகிதங்களில் அம்புக்குறி போட்டார். மேனேஜர் எட்டிப் பார்த்தபோது, "சரக்கு போற வழி, சார்," என்று சமாளித்தார்.

அடுத்த ஞாயிறு, மூன்றாவது ஆள் இருந்தால் நன்றாயிருக்கும் என்று, நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த மனைவி யோகலட்சுமியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். எந்தப் பொத்தானை அழுத்தினால் ஆள் நகருவான் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அவ்வளவுதான் பாடம்.

குலசேகரம் இம்முறை ஒரு செங்கல்லும் வைக்கவில்லை. குதிரை, குதிரை, மேலும் குதிரை. கடைசியில் தலைநகர்க் காவலனையும் சேர்த்து அனுப்பினார். சிக்கந்தரின் ஊரில் உண்மையிலேயே ஒத்தக் காவல்காரன்தான். விழுந்தது ஊர்! வாழ்நாளில் அவர் வென்ற முதல் ஊர். அவர் போட்ட கூச்சலில் சாலையில் திரிஷா வண்டி மிதித்துப் போனவர் திரும்பிப் பார்த்தார். தன் முறை முடிந்ததும் குலசேகரம் சாரோங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வாசலில் போய் இடுப்பில் கைவைத்து நின்றார்.

உள்ளேயிருந்து யோகலட்சுமியின் குரல் வந்தது. "என்னங்க, இங்க ஒரு ஊரு காலியா கெடக்கு. ஒரு ஆளு கூட இல்ல. உள்ள போகலாமா?"

"தாராளமா போ. காலியா இருந்தா ஒனக்குத்தான்," என்றார் வெற்றி வீரர்.

கம்ப்யூட்டரில் வெற்றி முரசு ஒலித்தது. ஏதோ உறைக்க, உள்ளே ஓடிவந்து பார்த்தார். அவருடைய தலைநகர். வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்த யோகலட்சுமியின் ஒரே காலாள் அதன் நடுவில் நின்றான்.

"இது உங்க ஊரா? தொறந்து போட்டுட்டு எங்கங்க போனீங்க?"

சிக்கந்தர் தரையில் உட்கார்ந்து சிரித்தான். குலசேகரத்துக்கு முதலில் முகம் சுண்டிப்போனது. ஆனால் யோகலட்சுமி உதட்டைக் கடித்தபடி திரையை நெருங்கி, அடுத்து எந்தப் பக்கம் போகலாம் என்று தேடுவதைப் பார்த்ததும் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாலை விளக்கேற்றுவதற்குள் இருவரின் நாடும் அவள் கையில்.

மறுவாரம் சிக்கந்தரின் மனைவி சலேஹாவும் விளையாட வந்தாள். ஆண்கள் இருவருக்கும் தேநீர் கலக்கும் வேலை. சலேஹா ஒரு தட்டு மீன் கறியை நீட்டி, "அண்ணே, அக்கா எந்தப் பக்கமா வராங்க?" என்று கேட்டாள். கறியின் வாசனையில் குலசேகரம் மனைவியின் ரகசியத்தை உளறினார்: மேற்குக் கரை.

யோகலட்சுமி கிழக்கே இறங்கினாள். தட்டு காலியாவதற்குள் சலேஹாவின் தலைநகர் போய்விட்டது.

"எங்கிட்ட மேற்குன்னுதானே சொன்ன?" என்றார் குலசேகரம், விரலை நக்கியபடி.

"உங்ககிட்ட சொன்னா அவளுக்குப் போயிடும்னு தெரியாதா?" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.