மூன்று மாதம் சும்மா கிடக்கும் மிஷின்

தேனியை விட்டு நடந்து கோடாங்கிபட்டியைத் தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. கையில் ஒரு துணிப்பை. அதில் ஒரு வேட்டி, ஒரு சட்டை, அச்சாகாத ஒரு ஸ்டென்சில் தாள். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டதிலிருந்து ஊர் ஊராக நடந்துகொண்டிருந்த எனக்குப் போடி ஒன்றும் தூரமில்லை.

எழுபதுகளின் நடுவில் அது. தேனியில் ஒரு டைப்பிங் கடையில், ஸ்டென்சிலிலிருந்து பிரதிகள் எடுக்கும் சைக்ளோஸ்டைல் மிஷினின் கைப்பிடியைச் சுற்றும் வேலை பார்த்தேன். ஏழு மாதம். ஒரே இடத்தில் நான் அவ்வளவு நாள் இருந்ததே இல்லை. ஆயுத பூஜைக்கு முதலாளி மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். உருளைக்குள் மலிவான மை நிறைந்திருந்தது. கழுவிவிட்டு மறுபடி பொட்டு வைக்கலாமே என்றேன்.

"பூஜை போட்ட மிஷின்ல மண்ணெண்ணெய ஊத்துவியாலே? நல்ல நேரம் பாத்து நானே எடுப்பேன். அதுவரைக்கும் கை வைக்காதே" என்றார்.

நல்ல நேரம் வர ஆறு நாளாயிற்று. ஏழாம் நாள் கைப்பிடியைச் சுற்றினேன், நகரவில்லை. மை தார் மாதிரி இறுகிக் கிடந்தது. பலத்தைக் கொடுத்துச் சுற்றினேன். உருளையின் திரைத்துணி நீளமாகக் கிழிந்தது. பலத்தைக் கொடுத்தது என் தப்புதான். அன்றே போகச் சொல்லிவிட்டார்.

பையில் இருந்த ஸ்டென்சில் போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்த ஓர் அம்மாள் தன் கையால் எழுதிக் கொடுத்தது. கணவர் இறந்தபின் கடையை அவரே நடத்தினார். ஒவ்வொரு ஏலத்துக்கும் முன்னால், தன்னிடம் என்ன ரகம் வந்திருக்கிறது என்று விருதுநகர், ஈரோடு பக்கத்து வியாபாரிகளுக்கு ஐம்பது கடிதம் அனுப்புவார். கடிதம் பிந்தினால் அவர்கள் வேறு கடையில் வாங்கிவிடுவார்கள். இந்த முறை அச்சாகவில்லை என்று யாராவது போய்ச் சொல்ல வேண்டும். சொல்கிற சாக்கில் வேலை கேட்கலாம் என்பதும் என் எண்ணம்.

வீட்டின் முன்னறையில் மேஜைமேல், ஓட்டிக் காட்ட மை ஊற்றிய பெரிய மிஷின் ஒன்று பளபளத்தது. மதுரையிலிருந்து மிஷின் விற்பவர் வந்திருந்தார். தேனிக் கடையை நம்பிச் சலித்துப்போன அம்மாள் வீட்டிலேயே ஒன்று வாங்கிப் போடத் தீர்மானித்திருந்தார். பக்கத்தில் அவருடைய கொழுந்தனார் உட்கார்ந்திருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன்.

"மிஷின ஒடைச்சுட்டு நேரா இங்கன வந்திருக்கான் பாருங்க மதினி" என்று கொழுந்தனார் சிரித்தார்.

"ஒடைச்சவனுக்குத்தானே எங்கன ஒடையும்னு தெரியும்" என்றார் அம்மாள். "நீ சொல்லுப்பா. இத வாங்கலாமா?"

அந்த மிஷினைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்தது. அதை ஓட்ட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நானாக இருக்கலாம். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"அம்மா, மாசத்துக்கு எத்தன தடவ அடிப்பீக?" என்று கேட்டேன்.

"சீசன்ல ரெண்டு தடவ. கோடையில காய் வராது. மூணு மாசம் சும்மாதான் கெடக்கும்."

விற்பவரைப் பார்த்தேன். "மூணு மாசம் மூடி வச்சா என்ன ஆகும்ண்ணே?"

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "வாரத்துல ரெண்டு நாள் நாலு சுத்து சுத்தி விட்டா ஒண்ணும் ஆகாதும்மா."

"வேல இல்லாத மிஷினுக்கு நான் மாட்டுக்குத் தண்ணி காட்டுற மாதிரி காட்டணுமாக்கும்" என்றார் அம்மாள். அவருடைய குரலிலேயே அந்த மிஷின் பாதி வெளியே போய்விட்டது.

மேஜைக்கடியில் விற்பவர் கொண்டுவந்த ஒரு மரப்பெட்டியும் இருந்தது. திறந்து காட்டச் சொன்னேன். கீல் போட்ட ஒரு சட்டம், அதில் இழுத்துக் கட்டிய பட்டுத்துணி, ஒரு ரப்பர் உருளை, ஒரு மை ட்யூப்; கையாலேயே பிரதி எடுக்கும் சாமான். அவ்வளவுதான்.

"இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக வெளையாடுற சாமான்லே" என்றார் கொழுந்தனார். "நம்ம வீட்டு வாசல்ல நாலு பேர் வந்து பாத்தா கௌரவமா இருக்க வேணாமா?"

"வாங்குறவுக கடுதாசியத்தான் பாப்பாக. மிஷினப் பாக்கவா வாராக?" என்றார் அம்மாள்.

பையிலிருந்த ஸ்டென்சிலைத் துணியின் அடியில் ஒட்டி, மையை உருட்டினேன். முதல் இரண்டு தாளில் மை அப்பியது. மூன்றாவதில் அவருடைய கையெழுத்து தெளிவாக விழுந்தது. ஒரு தாளை வை, உருட்டு, எடு, நேரம் பிடிக்கும். ஆனால் ஐம்பது தாள்தானே. இதற்குத் தேனியில் எந்தக் கடையில் விற்கும் ஸ்டென்சிலும் பொருந்தும். பெரிய மிஷினுக்கு ஸ்டென்சில் மதுரையிலிருந்துதான் வர வேண்டும். அம்மாளே பத்தாவது தாளிலிருந்து உருளையை வாங்கிக்கொண்டார். முடிந்ததும் துணியைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, காய வைத்து, மை ட்யூபின் மூடியைத் திருகிக் காட்டினேன்.

"இனி எப்ப தெறந்தாலும் வேல செய்யும்" என்றேன்.

"அப்ப ஆள் வேண்டியதில்ல" என்றார் அம்மாள், மைக்கறைக் கையைப் பார்த்துக்கொண்டே. சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். நான் வேலை கேட்கவில்லை. கேட்க என்ன இருந்தது? சோறு போட்டார். ஐம்பது கடிதமும் அன்றைய தபாலில் போயின. ராத்திரி ஏலக்காய் மூட்டைகளோடு படுத்துக்கொள்ளச் சொன்னார். அப்படி மணக்கும் இடத்தில் அதற்குமுன் நான் தூங்கியதில்லை.

விடிந்ததும் மதுரைக்காரர் பெரிய மிஷினை எடுத்துப்போக வந்தார். என்மேல் கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன்.

"அந்தப் பெட்டிய நாலு வருஷமாத் தூக்கிட்டு அலையறேன். ஒருத்தரும் சீண்டல. நீ அரைமணியில வித்துட்ட" என்றார். "இன்னும் ஆறு கெடக்கு. எங்கூட வர்றியா? ஊர் ஊரா அலையணும், பாத்துக்க."

அலைவதற்குக் கூலி தருகிறேன் என்று அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. சரி என்றேன்.

"மொத வேல, இந்தப் பெரிசு கம்பத்துக்குப் போகணும். அங்கன ஒரு டுட்டோரியல்ல தெனமும் கேள்வித்தாள் அடிக்கிறாங்க. அவுங்களுக்கு இதுதான் சரி."

முந்தின நாள் என் கேள்வியால் வேண்டாம் என்று ஆன மிஷினைத் தோளில் சுமந்து போய், ஏணியில் ஏறி, பஸ்ஸின் கூரையில் வைத்துக் கயிறு கட்டினேன்.

"பாத்துக் கட்டு. சாஞ்சா மை கொட்டும்" என்று கீழேயிருந்து கத்தினார்.

"கொட்டாதுண்ணே. காலையிலேயே கழுவிட்டேன்" என்றேன்.