தாளாளர் மூன்று முறை படித்த புத்தகம்

என் மேசைமேல் தடித்த கடற்பயணக் கதை ஒன்று இருக்கிறது. இரண்டாம் பாகம். துணி அட்டை, முதுகில் தங்க எழுத்து, உள்ளே பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல மடிந்து கிடக்கின்றன. அந்தக் காலத்தில் சில புத்தகங்கள் இப்படித்தான் வரும். அச்சடித்த பெரிய தாளை மடித்துத் தைத்து, ஓரம் வெட்டாமலே அட்டை போட்டுவிடுவார்கள். படிக்கிறவர்தான் பிளேடோ கத்தியோ வைத்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். இந்தப் பிரதியை இதுவரை யாரும் பிரிக்கவில்லை. போன வாரம் மேடையில் வைத்து எனக்கு இதைப் பரிசாகக் கொடுத்தார்கள்.

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் நான் படித்த பள்ளிக்கு ஒரு தாளாளர் இருந்தார். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, ஆட்டி எண்ணெய் எடுக்கும் மில் அவருடையது. பள்ளியையும் மில்லைப் போலவேதான் நடத்தினார், சத்தம் அதிகம். ஏப்ரல் கடைசியில், மலையில் பட்ட வெயில் திரும்பி ஊர்மேல் விழுகிற நேரமாகப் பார்த்து எங்களை மைதானத்தில் உட்காரவைத்து, தான் மட்டும் பந்தல் நிழலில் நின்று மைக்கைப் பிடிப்பார். லீவில் ஊர் சுற்றாதீர்கள், புத்தகம் படியுங்கள், என் வீட்டு அலமாரி உங்களுக்காகத் திறந்தே இருக்கும் என்பார். கைதட்டுவோம். யாரும் போகமாட்டார்கள். வருஷா வருஷம் அவர் சொல்வதும் நாங்கள் போகாததும் ஒரு சடங்கு. எட்டாம் வகுப்பு முடித்த கோடையில் நான் ஒருத்தி மட்டும் அதை நிஜமென்று நம்பிப் போய்விட்டேன்.

மாட வீதியில் இருந்த அவர் வீட்டுக் கூடத்தில் என்னைப் பார்த்ததும், கடன் கேட்க வந்தவளைப் பார்ப்பதுபோல விழித்தார். நல்ல வேளையாக நாலு பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். உடனே முகம் மாறிவிட்டது. லீவில்கூடப் பெண்பிள்ளை புத்தகம் கேட்டு வருகிறது பாருங்கள் என்று என்னைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டார். அலமாரியில் இருந்த தங்க எழுத்துகளில் பெரிதாக மின்னியதை எடுத்து என் கையில் வைத்தார். "மூணு தடவ படிச்சிருக்கேன்மா. ஒரு எழுத்து வுடல."

வீட்டில் திறந்து பார்த்தால் முன்னுரையே மடிப்புக்குள் இருந்தது. முதலில் மடிப்புக்குள் ஒரு கண்ணால் எட்டிப் பார்த்தே படித்தேன். கப்பல் துறைமுகம் விட்டதும் பொறுமை போய்விட்டது. அப்பாவின் சவர பிளேடால் ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தேன். அத்தனை சந்தோஷமான வேலையை அதற்குப் பிறகு நான் செய்ததில்லை. முதல் பாகம் முடிகிற இடத்தில் புயல், பாய்மரம் முறிந்து கப்பல் சாய்கிறது. அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. விடிந்ததும் இரண்டாம் பாகம் கேட்டு ஓடினேன்.

புத்தகத்தைப் புரட்டிய தாளாளர், பிசிறடித்த ஓரங்களைப் பார்த்துக் கத்தினார். எலி கடித்ததுபோலக் கிழித்திருக்கிறாளே என்றார். ஒட்டியிருந்தது, பிரித்தால்தான் படிக்க முடியும் என்று மெதுவாகச் சொன்னேன்.

"மூணு தடவ நான் படிச்சேனே, எனக்கு ஒட்டலையே?"

அன்றும் பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்த கூடம் முழுக்கச் சிரித்தது. அதில் ஒருவருக்காவது உண்மை புரிந்திருக்கும். புரிந்தவரும் சேர்ந்து சிரித்திருப்பார், அதுதான் அந்தக் கூடத்தின் லட்சணம்.

அப்பாவுக்கு ஆள் போனது. கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் கண்டக்டர் அவர். காக்கிச் சட்டையோடு வந்தார், என்ன தப்பு என்றுகூடக் கேட்காமல் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். அந்தக் கூப்பிய கையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை, அப்பாவை அல்ல, கூப்பவைத்தவரை. இனி இந்த வீட்டிலிருந்து உனக்குப் புத்தகம் கிடையாது என்று தாளாளர் அலமாரியைப் பூட்டினார். அப்பா வாசல் வரை போய்த் திரும்பி வந்தார்.

"பொண்ணு ராத்திரியெல்லாம் தூங்கலைங்கய்யா. அந்தக் கப்பல் கர சேந்துச்சானு மட்டும் சொல்லிடுங்க, போதும்."

தாளாளர் ஒரு கணம் என்னைப் பார்த்தார், பிறகு விருந்தாளிகளைப் பார்த்தார்.

"படிச்சாத்தான்யா தெரியும். நானே சொல்லிட்டா அப்புறம் என்னா பிரயோஜனம்?"

ஆகா என்றார்கள் அந்தப் பெரிய மனிதர்கள். அப்பாவும் தலையாட்டினார்.

போன வாரம் அதே பள்ளியில் கோடை வாசிப்பு விழா. நான் நாலு புத்தகம் எழுதிவிட்டேனாம், பேச அழைத்தார்கள். மேடையில் மாலையோடு தாளாளர் படம், கீழே 'வாசிப்பின் தந்தை' என்று ஒரு பட்டம். பிள்ளைகள் வழக்கம்போல வெயிலில். தாளாளரின் மகன்தான், இத்தனை வருஷமாக எனக்கு வேறெங்கும் கிடைக்காத இந்த இரண்டாம் பாகத்தைக் கொடுத்தார். தன் அப்பா நாலு தடவை படித்தது என்றார். செத்த பிறகும் ஒரு தடவை படித்திருப்பார் போலிருக்கிறது. கப்பல் கரை சேர்ந்ததா என்று கேட்டேன். நீங்களே படித்துத் தெரிந்துகொள்ளுங்கள் மேடம் என்று சிரித்தார். குடும்பச் சொத்து, பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

இன்று காலை ஒரு புது பிளேடு வாங்கிவந்து மேசைமுன் உட்கார்ந்தேன். அதிகம் வெட்ட வேண்டியிருக்கவில்லை. முதல் மடிப்பைப் பிரித்ததுமே கப்பல் கரை சேர்ந்துவிடுகிறது. ஒரே ஒரு மடிப்பு. அதை மட்டும் அந்த மனிதர் பிரித்திருந்தால், அன்று வாசலில் நின்ற என் அப்பாவுக்குப் பதில் சொல்லியிருக்கலாம்.