ஷீட் விற்ற சவரிமுத்து அண்ணன்

சவரிமுத்து அண்ணன் போய்விட்டார்...

கறம்பக்குடியில் சிமெண்ட் ஷீட், தகரம், ஆணி எல்லாம் விற்றாரே, அவர்தான். பால்காரர் சொன்னதும் கையிலிருந்த செம்பை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

நான் அதிகம் படித்தவள் இல்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை.

கஜா புயலில் எங்கள் கீற்றுக்கூரை பறந்த பிறகு, அண்ணன் கடையில் வாங்கித்தான் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட் போட்டோம். அப்போதெல்லாம் மெஷின் வைத்து அவரே அறுத்துக் கொடுப்பார். தலை, மீசை எல்லாம் அந்தத் தூசி படிந்து வெள்ளையாக, மாவு மில்லிலிருந்து வந்தவர் மாதிரி நிற்பார்.

என் மகளுக்குச் சின்னதிலிருந்தே இளைப்பு. ஒருநாள் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ. இந்தக் கூரைக்குக் கீழே இருந்தால் நுரையீரல் போய்விடுமாம்...

வீட்டுக்காரர் மலேசியாவில். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவேன்? இருப்பது அந்த ஒரு வீடுதான்.

நேராகக் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். விஷத்தையா விற்றீர்கள் என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். வேறு ஆளாக இருந்தால் விரட்டியிருப்பார். அண்ணன் கடையைச் சாத்திவிட்டு வண்டியில் என் பின்னாலேயே வந்தார். ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு ஷீட்டாகப் பார்த்தார்.

"ஒடையல, விரிசலும் இல்ல தங்கச்சி. முழுசா இருக்கிறதப் பயந்துக்கிட்டுப் பிச்சு எறியாத. அறுத்தா, ஒடைச்சா, சொரண்டுனா கெளம்புற தூசிதான் ஆபத்து. அதுக்காக ஒண்ணும் ஆகாதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். வசதி வந்தா மாத்திரு."

விற்றவர் வாயிலிருந்து இப்படி வருமா? வந்தது. கூரையையே பார்த்துக்கொண்டு இருக்காமல் இளைப்புக்கு டாக்டரிடம் காட்டு என்றும் சொன்னார். காட்டினேன். மருந்துக்குக் கேட்டது.

அந்த வருஷம் பொங்கல் வந்தது. ஊரில் எல்லோரும் கூரைப் பாசியைத் தேய்த்துவிட்டு வெள்ளை அடிப்பார்கள். புத்தி கெட்டுப்போய் நானும் கம்பி பிரஷ்ஷோடு ஏணியில் ஏறித் தேய்க்க ஆரம்பித்துவிட்டேன். மகள் கீழே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அந்தப் பக்கமாக வந்த அண்ணன் வண்டியை நிறுத்தினார்.

"பொங்கலுக்குப் பானைய வெளக்கு, கூரைய வெளக்காத. எறங்கு கீழ."

தெருவே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. விளக்குமாற்றைத் தொட விடாமல், கீழே விழுந்திருந்த தூசியை ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார். துடைத்து முடிக்கிறவரை வாசலை விட்டு நகரவில்லை.

அதற்குக் கொஞ்ச நாளில் கடையில் அறுக்கிற வேலையை நிறுத்தினார். அப்புறம் அந்த ஷீட் விற்பதையே நிறுத்திவிட்டார். அதோடு பாதி வியாபாரம் போனது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

போன வருஷம்தான் எங்களுக்குக் கூரை மாற்ற முடிந்தது. அப்போதே அண்ணனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. வேண்டாம் என்று சொல்லியும் ஆட்டோ பிடித்து வந்தார். என்னையும் மகளையும் குன்றாண்டார்கோவிலில் இருக்கிற அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

வேலையாட்கள் சுத்தியலோடு ஏறினார்களாம். அண்ணன் விடவில்லை. தண்ணீர் தெளிக்க வைத்து, போல்ட்டைக் கழற்றி, ஒவ்வொன்றையும் முழுசாகக் கயிற்றில் இறக்க வைத்திருக்கிறார். பழைய ஷீட்டை ஆட்டுக்கொட்டகைக்குக் கேட்டு வந்தவர்களையும் திருப்பி அனுப்பினாராம். தூரத்தில் நாற்காலி போட்டு, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, இருமிக்கொண்டே சத்தம் போட்டார் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்.

நுரையீரல்தான் கெட்டுப்போயிருந்தது என்று இன்றைக்கு அவர் வீட்டில் சொன்னார்கள். மெஷின் பக்கத்தில் அவர் வெள்ளை வெளேரென்று நின்றதுதான் கண்முன்னே வந்தது...

சாயங்காலம் அடக்கம். மகளும் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக அங்கே வருகிறாள், சைக்கிளை மிதித்துக்கொண்டு.

இனிமேலாவது மூச்சு வாங்காமத் தூங்குங்க அண்ணே.