கப்பலேறியவர்கள்

சுவிட்சர்லாந்தின் ஓல்டன் நகரில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு கிழவர் இருந்தார். தினமும் காலையில் அவரைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றுவது என் வேலை. வாய் கெட்ட மனிதர். நான் குனிந்து காலுறை மாட்டிக்கொண்டிருக்கும்போதே, வெளிநாட்டுக்காரரை எல்லாம் கப்பலில் ஏற்றி அனுப்ப வேண்டும் என்பார்.

ஒருநாள் தன் குடும்ப பைபிளைக் காட்டினார். முதல் பக்கத்தில் பரம்பரையின் பெயர்களும் பிறந்த, இறந்த தேதிகளும் இருந்தன. பழைய பெயர்களில் ஒன்றுக்கு மட்டும் இறந்த தேதி இல்லை. 'அமெரிக்காவில் வேலை' என்று எழுதியிருந்தது.

அது பொய் என்றார். அவன் அவருடைய பூட்டனின் தம்பி. உருளைக்கிழங்கு திருடிச் சிறைக்குப் போனவன். அவனுக்குச் சாப்பாடு போட மனமில்லாத ஊர்ச்சபை, இனித் திரும்பி வரமாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு கப்பலேற்றிவிட்டது. அதன்பிறகு ஒரு கடிதமும் வரவில்லை. வெட்கத்தில் குடும்பம் அப்படி எழுதிவைத்தது.

படகில் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட என் தம்பி, பிடிபட்டு அப்போது மூன்றாவது வருடமாக ஒரு தீவு முகாமில் கிடந்தான். அவன் உருளைக்கிழங்குகூடத் திருடியதில்லை.

"ஆரும் கேட்டா சின்னவன் அவுசில வேலை எண்டு சொல்லு. இல்லாட்டி மானம் கப்பலேறிப்போடும்," என்று அம்மா ஒவ்வொரு முறையும் ஃபோனில் சொல்வார்.

"அவனே ஏறிட்டான் அம்மா, இனி மானம் ஏறினா என்ன?" என்று எரிந்து விழுவேன்.

கிழவர் பைபிளை மூடினார். உனக்குக் கூடப்பிறந்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார்.

"ஒரு தம்பி," என்றேன். "அவுஸ்திரேலியாவில் வேலை."