டப்பிங் கணக்கில் வராது, அங்கிள்

போன சனிக்கிழமை நானும் என் மகள் ஜெசியும் ஒரு இங்கிலீஷ் படத்துக்குப் போனோம். இங்கிலீஷிலேயே பார்த்தோம். எனக்குக் கால்வாசி புரிந்தது. அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இதை எல்லாம் ஒரு விஷயம் என்று வேன் அங்கிள் எழுத வந்துவிட்டாரா என்கிறீர்களா? வந்துவிட்டேன் கண்ணுகளா. வாராவாரம் உங்களைச் சிரிக்க வைத்துத்தான் பழக்கம். இந்த வாரம் அதற்கு மனசு வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் பாதிப் பேர் சண்டைக்கு வருவீர்கள். இரண்டு கையிலும் நீல உறை மாட்டிக்கொண்டு, எதிரே வருவது எதுவானாலும் — ரயிலோ, வெள்ளமோ — தடுத்து நிறுத்துகிற ஒரு வீரரின் கதை. எங்கள் வண்டிப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'நீலக்கை'. நானும் அப்படியே சொல்கிறேன்.

முதல் பாகம் எப்படி முடிந்தது தெரியுமா? அணை உடைகிறது. ஊர் ஜனம் தப்பிக்கும்வரை நீலக்கை தண்ணீரைத் தடுத்து நிற்கிறார். கடைசி ஆள் மேட்டில் ஏறியதும் வெள்ளம் அவரை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. கடைசியில் பெயர் எழுத்தெல்லாம் ஓடி முடிந்த பிறகு, ஒரு முகமூடிக்காரன் சேற்றிலிருந்து எழுந்து வருகிறான். "ஊரைக் காலி பண்ணுங்க" என்கிறான். அவ்வளவுதான். இருட்டாகிவிட்டது.

யார் அந்த முகமூடி? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு எங்கள் வண்டி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது என்றால் நம்புவீர்களா? டீசல் கூட நான் சும்மா ஒப்புக்குத்தான் ஊற்றினேன்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு வரி: நான் சிங்காநல்லூரிலிருந்து ஒரு பெரிய இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற வேன் டிரைவர். பத்தாவது வரை படித்தவன். ஜெசி ஐந்தாவது வரை எங்கள் சர்ச் பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தாள். ஆறாவதுக்கு அவளை நான் வண்டி ஓட்டுகிற பள்ளியிலேயே சேர்த்தேன்.

சேர்த்த புதிதில் அவள் என் பக்கத்து சீட்டில்தான் உட்காருவாள். பின்னால் அத்தனை பிள்ளைகளும் இங்கிலீஷில் பேசிச் சிரித்துக்கொண்டு வருவார்கள். இவள் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு வருவாள். "பின்னாடி போய் உக்காரு சாமி" என்றால், "இங்கயே இருக்கறங்கப்பா, காத்து வருது" என்பாள். ஜன்னல் இரண்டு பக்கமும் இருக்கிறது. காற்று எல்லா சீட்டுக்கும்தான் வருகிறது.

அந்த நேரத்தில்தான் ஒருநாள் பின் சீட்டில் முகமூடிக்காரன் யார் என்று வாக்குவாதம் நடந்தது. வர்ஷா என்று ஒரு பெண். அவளும் ஆறாவதுதான், வண்டிக்கே லீடர். "அது நீலக்கையோட அண்ணன்" என்றாள். இன்னொருவன் "ரோபோ" என்றான். ஜெசி முன் சீட்டில் இருந்தபடியே, திரும்பாமல், மெதுவாகச் சொன்னாள்.

"அது நீலக்கையேதான்."

பின்னால் இருந்த தலையெல்லாம் முன்னால் எட்டிப் பார்த்தது.

"எப்படிச் சொல்றே?" என்றாள் வர்ஷா.

"கொரலு. ரெண்டு பேருக்கும் ஒரே கொரல். 'ஊரை'ன்னு சொல்றப்ப அணையில நின்னுட்டுச் சொன்ன அதே இழுப்பு. கண்ணை மூடிக் கேட்டீங்கன்னா தெரியும்."

"அப்படின்னா அவர் ஏன் கெட்டவரா ஆனாரு? வெள்ளத்துல மெமரி போயிருச்சா?"

"மறக்கல. எல்லாரையும் காப்பாத்துனாருல்ல... அவரைத் தேடி ஒருத்தரும் வரல. அந்தக் கோவம்."

சிக்னலில் பச்சை விழுந்தும் நான் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்த பிறகுதான் நினைவு வந்தது. என் பிள்ளையா இதை யோசித்தாள்?

மறுநாள் வர்ஷா வண்டியில் ஏறியதுமே, "ஜெசி, இங்க வா. உனக்கு இடம் போட்டு வச்சிருக்கேன்" என்றாள். இவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள்.

அதற்கப்புறம் அந்த வண்டி என்ன வண்டி போங்கள்! காலையில் ஏறும்போதே, "ஜெசி, நேத்து ராத்திரி யோசிச்சியா?" என்று கேட்பார்கள். இவளும் தினம் ஒன்று கொடுப்பாள். நீல உறை எங்கே போனது? வெள்ளத்தில் ஒன்றுதான் கழன்றது, மற்றது அவரிடமே இருக்கிறது... இப்படி. கேட்டுக்கொண்டே வந்து இறங்க மறந்த குட்டி ஒன்றை நான் கையைப் பிடித்து இறக்கி விட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சர்ச் வாசலிலும் இதே பேச்சுதான். ரோசி, என் மனைவி, "ஏனுங்க, உங்க புள்ளைக்கு ஜெபத்துல கூட அந்தக் கையொறைக்காரனுக்குத்தான் வேண்டுதல்" என்றாள்.

நான் சிரித்தேன். உள்ளுக்குள் வேறு ஒரு சந்தோஷம். பின் சீட்டில் என் மகளின் குரல் கேட்கிறதே... வண்டி ஓட்டுகிற அப்பனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

அடுத்த ஜூனில், இவர்கள் ஏழாவதுக்குப் போனபோது, ரோஹன் வந்தான். அதுவரை வீட்டுக் காரில் போய்வந்த பையன். அவனும் ஏழாவதுதான். நல்ல பையன்தான், பொய் சொல்லக் கூடாது. ஏறும்போது "குட் மார்னிங் அங்கிள்" சொல்லாமல் ஏற மாட்டான். வர்ஷா அவனிடம் ஜெசியின் கண்டுபிடிப்பைப் பெருமையாகச் சொன்னாள். குரல், இழுப்பு, எல்லாம்.

ரோஹன் இடம் வலமாகத் தலையாட்டினான்.

"குரல் ஒண்ணா? இல்லையே. நான் மூணு தடவை பாத்தேன். முகமூடிக்கு மெஷின் மாதிரி வாய்ஸ். கரகரன்னு இருக்கும். சம்பந்தமே இல்ல." அப்புறம் ஜெசியைப் பார்த்தான். "நீ எதுல பாத்தே?"

"தியேட்டர்லதான்."

"இல்ல, எந்த லாங்குவேஜ்?"

ஜெசி பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"தமிழா? ஓ... தமிழ் டப்பிங்ல ரெண்டு பேருக்கும் ஒரே ஆளைப் பேச விட்டிருப்பாங்க. ஆள் மிச்சம். அதுதான் உனக்கு ஒண்ணாக் கேட்டுருக்கு."

அப்போது கூட யாரும் சிரிக்கவில்லை. வர்ஷாதான் ஆரம்பித்தாள். இத்தனை நாள் நம்பி, ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் அவள்தானே. அந்த எரிச்சல் இருக்காதா?

"அப்ப நீ வில்லனைக் கண்டுபிடிக்கல ஜெசி. டப்பிங் ஆளைக் கண்டுபிடிச்சிருக்க."

வண்டியே சிரித்தது. கடைசி சீட்டுக் குட்டி வரைக்கும். இறங்க மறந்த அதே குட்டியும் சிரித்தது.

ரோஹன் முன்னால் எட்டிப் பார்த்து என்னிடம் கேட்டான். "அங்கிள், நீங்களும் தமிழ்லதான் பாப்பீங்களா?"

கேலி இல்லை கண்ணுகளா. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

"ஆமாங்க தம்பி. நமக்குப் புரியறதுல பாத்தாத்தானுங்க படம்" என்றேன்.

கோயம்புத்தூர்க்காரன் வயிறு எரிந்தாலும் 'ங்க' போட்டுத்தான் எரிவான்.

அடுத்த நாள் ஜெசி மறுபடியும் என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. அவளே சொன்னாள்: "காத்து வருதுங்கப்பா."

வீட்டில் டிவியில் இங்கிலீஷ் சேனல் வைத்துக் கீழே ஓடுகிற எழுத்தை வாய்க்குள் வாசிக்க ஆரம்பித்தாள். ரோசி ஒருநாள், "சோத்தைத் தின்னு போட்டுப் பாரம்மணி" என்றதற்கு, "என்கிட்ட இப்படிப் பேசாதீங்கம்மா, அங்க ஸ்கூல்ல வாயில வந்துருது" என்றாள். ரோசி அடுப்படிக்குப் போய்விட்டாள். எதையோ வதக்குகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

இங்கிலீஷ் படிப்பது தப்பா? இல்லவே இல்லை. படிக்கத்தானே நானும் சேர்த்தேன். நன்றாகப் படியுங்கள். ஆனால் ஒன்றைக் கற்றுக்கொள்ள இன்னொன்றைக் கண்டு கூச வேண்டும் என்று எந்தப் பாடத்தில் போட்டிருக்கிறது? யார் சொல்லிக் கொடுத்தார்கள் இதை? ரோஹனையா குற்றம் சொல்வது? அவனுக்கு வயது பன்னிரண்டு. அவனை விடுங்கள். இங்கிலீஷ் மீடியம் என்று போர்டில் பார்த்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் வரிசையில் நின்றவன் யார்?

சரி. இரண்டாம் பாகம் வந்தது.

"இங்கிலீஷ்ல பாக்கலாங்கப்பா" என்றாள்.

"புரியுமா சாமி?"

"எனக்குப் புரியும். உங்களுக்குப் புரியலைன்னா நான் சொல்றேன்."

மாலுக்குப் போனோம். ஏசி, மெத்தை சீட்டு, பாப்கார்ன் வாசம். படம் ஓடியது. முதல் ஜோக் வந்தது, அரங்கம் சிரித்தது. ஜெசியும் சிரித்தாள். ஒரு நொடி கழித்து. அடுத்த ஜோக்குக்கும் அப்படியே. எல்லோரும் சிரிக்க ஆரம்பித்த பிறகு, பக்கத்து சீட்டை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, இவளும்.

அதற்கப்புறம் நான் திரையைவிட அவளைத்தான் அதிகம் பார்த்தேன்.

அவள் எனக்கு ஒரு வரிகூடச் சொல்லவும் இல்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்டால் என்ன ஆகும் என்று தெரியாதா எனக்கு?

இன்னும் பார்க்காதவர்கள் அடுத்த நான்கு பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

கடைசியில் முகமூடிக்காரன் முகமூடியைக் கழற்றுகிறான். உள்ளே யார்? நீலக்கையேதான்! முகமூடியோடு குரலை மாற்றும் கருவியும் கழன்று விழுகிறது. கரகரப்பு போய், பழைய குரல் வருகிறது. அரங்கமே 'ஆ' என்றது. யாரோ பாப்கார்னைத் தட்டிவிட்டார்கள். அவர் என்ன பேசினார் என்பது எனக்கே புரிந்தது. அவ்வளவு சின்ன இங்கிலீஷ். நான் காத்திருந்தேன், யாரும் வரவில்லை — இதுதான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். இங்கிலீஷில் பார்த்தவர்களை அந்தக் கருவி ஏமாற்றியது. தமிழில் அந்தக் கரகரப்பைப் போட மறந்தார்களோ, சோம்பலோ, எனக்குத் தெரியாது. ஆனால் உண்மை தமிழில்தான் வெளியே வந்திருந்தது. கேட்கக் காது உள்ளவள் கேட்டாள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவள் தோளைத் தட்டி, "பாத்தியா கண்ணு, நீ சொன்னதேதான்... யாரும் தேடி வரலைன்னியே, அதுவும் அப்படியே" என்றேன்.

அவள் திரும்பாமலே சொன்னாள். "மெதுவா பேசுங்கப்பா. எல்லாரும் பாக்கறாங்க."

நான் மெதுவாகத்தான் பேசினேன்.

திங்கட்கிழமை வண்டியில் படத்தைத் தவிர வேறு பேச்சே இல்லை. ரோஹன் சொன்னான், "எனக்கு டவுட் இருந்துச்சு. அந்தக் கரகர வாய்ஸே எதையோ மறைக்கத்தானே?" வர்ஷா, "ஆமா, நாமதான் இதை முன்னாடியே பேசியிருக்கோமே" என்றாள். நாமதான். அந்த 'நாம'வில் என் மகள் இல்லை. அவள் என் பக்கத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டிரைவர் வாயை மூடிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். அதுதான் மரியாதை. ஆனால் முடியவில்லை.

"தம்பி, அதை மொதல்ல சொன்னது ஜெசிங்க."

ரோஹன் நியாயமான பையன். ஒத்துக்கொண்டான். "ஆமா அங்கிள், சொன்னா. ஆனா டப்பிங்கை வச்சுத்தானே சொன்னா? அது கணக்குல வராது, அங்கிள்."

"லக்கு" என்றாள் வர்ஷா.

கண்ணாடியில் பார்த்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஜெசி என் கையைத் தொட்டாள்.

"விடுங்கப்பா. ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

பின்னால் அதற்குள் மூன்றாம் பாகத்தின் பேச்சு ஆரம்பமாகிவிட்டது. நீலக்கை திருந்துவாரா? அந்தக் கழன்ற உறை யாரிடம் போகும்? வர்ஷாவுக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. பெரிய மனசு பண்ணி, "ஜெசி, நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டாள்.

நான் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். சொல் சாமி, சொல்லிவிடு...

ஜெசி பின்னால் திரும்பி, தெளிவான இங்கிலீஷில் சொன்னாள்: "ரோஹன் என்ன நினைக்கிறானோ, அதுதான்."

ரோஹன் சிரித்தான். வர்ஷா, "வா ஜெசி, இங்க இடம் இருக்கு" என்றாள். என் மகள் பையை எடுத்துக்கொண்டு பின் சீட்டுக்குப் போனாள்.

அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது, கண்ணுகளா. எனக்குத்தான் பக்கத்து சீட்டைப் பார்க்க முடியவில்லை.