தம்பியின் பத்தியம்

பிள்ளைகளா, உங்கள் சித்தப்பாவுக்கு என்ன நோய் என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் காமாலை என்றுதான் சொல்லியிருக்கிறேன். அது பாதிதான். மீதியை வாயால் சொல்லத் தெம்பில்லை, எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசி அது. ஈப்போவில் லோரியில் சாமான் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த என் தம்பி, ஒரு மழை நாளில் மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் இருந்த எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தான். கண் இரண்டும் மஞ்சள். லயமே அவனைத் தாங்கியது. காய்கறி இறக்கிவிட்டு மலையடித் தாப்பாவிலிருந்து திரும்பும் லோரியில் கட்டுக் கட்டாகக் கீழாநெல்லி வந்தது. கங்காணி தன் வீட்டுக் கஞ்சியைத் தானே தூக்கி வந்தார். உங்கள் அம்மா எண்ணெய், மீன், முட்டை எல்லாவற்றையும் நிறுத்தினாள். காமாலைக்குப் பத்தியம் அதுதானே. மாதங்கள் போயின. ஆள் உருகினான், மஞ்சள் இறங்கவில்லை.

கடைசியில் மலை இறங்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ரத்தம் எடுத்தார்கள். மறுமுறை போனபோது டாக்டர் மலாயில் சொன்னதை, அங்கே நர்ஸாக இருந்த ஒரு தமிழ் மிஸ்ஸி எங்களுக்குச் சொன்னார். தம்பி ஈப்போவில் கூட்டாளிகளோடு ஒரே ஊசியில் போதை ஏற்றியிருக்கிறான். அதில் இரண்டு நோய் வந்திருந்தது. ஒன்று எய்ட்ஸ் கிருமி. மற்றது ஈரலைத் தின்னும் கிருமி. அதற்கு அப்போது சரியான பெயர்கூட இல்லை. ஹெபடைட்டிஸ் சி என்று பிறகுதான் சொன்னார்கள்.

தம்பி சிரித்தான். "இத்தன வருசமா ஒருத்தியும் என்னைத் தேடி வரலண்ணே. இப்ப ரெண்டு பேரு ஒண்ணா வந்துட்டாளுங்க."

மிஸ்ஸி சிரிக்கவில்லை. "ஆள ஏன் இப்படி எலும்பாக்கி வச்சிருக்கீங்க? சோறு போடறதில்லையா?"

"காமாலைக்குப் பத்தியம் மிஸ்ஸி. எறங்கற வரைக்கும்," என்றேன்.

"இது எறங்கற காமாலை இல்லண்ணே. மீனு, முட்ட எல்லாம் குடுங்க. பச்சில சாறு வேணாம்லா, ஈரல் தாங்காது. ஒண்ணா சாப்பிடலாம், ஒரே கொழாயில குளிக்கலாம். பிளேடு மட்டும் தனியா வச்சுக்கணும். ரத்தம் படக் கூடாது, அவ்ளோதான்."

"மருந்து?"

"ரெண்டுக்கும் இங்க இல்ல. ஆனா மாசாமாசம் கூட்டிட்டு வாங்க. காய்ச்சல், சளின்னு வர்றத வர்றப்பவே பார்க்கலாம்."

மருந்து இல்லாத நோய்க்கு மாதாமாதம் அந்த வளைவு ரோட்டில் வாந்தி எடுத்துக்கொண்டு இறங்கி ஏற வேண்டும்.

ஆஸ்பத்திரியில் யார் காதில் விழுந்ததோ, விஷயம் எங்களுக்கு முன்னாலேயே மலை ஏறிவிட்டது. மறுநாள் நான் தேயிலை பேக்டரியில் வேலை முடிந்து வந்தபோது, கங்காணி வாசலில் நின்றிருந்தார். உள்ளே வரவில்லை.

"தம்பிய வேற எங்கயாச்சும் வைக்கலாம்ல? கொழாத் தண்ணி பொதுவாச்சே."

உங்கள் அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்: "கஞ்சி தூக்கிட்டு வந்து பக்கத்துல உக்காந்து ஊட்டி விட்டீங்களே அண்ணே, அப்ப ஒட்டலயா?"

அவர் போய்விட்டார். ஆனால் அவர் சொன்னது தம்பி காதில் விழுந்துவிட்டது. துணிப் பையைக் கட்ட ஆரம்பித்தான். "ரிங்லெட் பக்கம் காய்கறித் தோட்டத்துல ஏதாச்சும் குடிசை கெடைக்கும். நான் போயிடறேன். உங்க வேலைக்கு ஒண்ணு ஆயிடக் கூடாது."

இரு என்று சொல்ல வேண்டும். குளிரிலும் மழையிலும் இந்த உடம்போடு அவன் ஒரு மாதம்கூடத் தாங்க மாட்டான். ஆனால் வேலை போனால் லயத்து வீடும் போய்விடும். நின்று நின்று காலும் வீங்கியிருந்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"மீன் ஆறுது. முதல்ல சாப்புடுங்க தம்பி," என்றாள் உங்கள் அம்மா.

சாப்பிட்டான். இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டான். கட்டிய பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனான்.

காலையில் எல்லோரும் எழும் முன் அந்தப் பையை அவிழ்த்தேன். அவனுடைய ரேசரை எடுத்தேன். அடுப்படிப் பலகைச் சுவரில் என் ரேசர் தொங்கும் இடத்துக்கு ஒரு முழம் தள்ளி ஆணி அடித்தேன். பலகை உளுத்திருந்தது, நிற்கவில்லை. கொஞ்சம் மேலே தட்டிப் பார்த்து, கெட்டியான இடத்தில் அடித்து, மாட்டினேன்.