சென்னம்மாளின் முட்டிக்குள் போனது என்ன?

சூளகிரிப் பக்கம் தக்காளித் தோட்டம் வைத்திருந்த சென்னம்மாளுக்கு எதையும் பிரித்துப் பார்த்தால்தான் மனசு ஆறும். மோட்டார் கெட்டால் மெக்கானிக்கின் தோளுக்குப் பின்னால் நின்று, உள்ளே என்ன எரிந்தது என்று எட்டிப் பார்ப்பாள். ஐம்பது தாண்டியதும் அவளுடைய வலது முட்டியே கெட்டுப்போயிற்று. உட்கார்ந்தால் எழ முடியவில்லை. பஸ் ஏறக் கணவர் சென்னகிருஷ்ணன் கைகொடுக்க வேண்டியிருந்தது.

2006-ல் பெங்களூர் ஆஸ்பத்திரி ஒன்றில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது, மூட்டு மாற்ற வேண்டிவரும் என்றார். கத்தி என்றதும் அவள் பின்வாங்கினாள். அப்போதுதான் அவர் அங்கே நடக்கும் ஒரு சோதனையைப் பற்றிச் சொன்னார். வேறொருவரின் எலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து, நாற்று வளர்ப்பதுபோல ஆய்வகத்தில் பெருக்கி, முட்டிக்குள் ஊசியாகப் போடுவார்கள். பலன் இருக்குமா என்று கண்டுபிடிக்கத்தான் சோதனை. அதனால் ஒப்பிட்டுப் பார்க்கப் பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்பது ஊசி போடுகிற அவருக்கே தெரியாதாம்.

டாக்டருக்கே தெரியாத விஷயம் என்றதும் சென்னம்மாளுக்கு ஆசை வந்துவிட்டது. ஒப்புக்கொண்டாள். மஜ்ஜை கொடுத்தது யார் என்று கேட்டதற்கு, ஆரோக்கியமான ஒரு வாலிபன் என்பதற்கு மேல் யாரும் சொல்லவில்லை.

ஊசி போட்டுக்கொண்டு திரும்பும்போது பஸ்ஸில் இருந்த வாலிபர்களை எல்லாம் உற்றுப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

“ஏம்மே, இனிமே உன் முட்டி தனியா கபடி ஆடப் போவுது பாரு” என்றார் சென்னகிருஷ்ணன்.

சில மாதங்களில் வலி குறைந்தது. பாத்திகளுக்கு இடையே தானே நடந்தாள். முகமறியாத அந்தப் பிள்ளையை மனசுக்குள் வாழ்த்தினாள். சோதனை முடிந்தபின் டாக்டர் கூப்பிட்டு, அவளுக்குப் போட்டது உப்புத் தண்ணீர்தான் என்றார். அவளுக்கு முகம் வாடிவிட்டது. முட்டியைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

“அப்ப வலி எதுல சார் கொறஞ்சுது?”

ஊசியோடு சொல்லிக்கொடுத்த முட்டிப் பயிற்சியாக இருக்கலாம், நம்பிக்கையாக இருக்கலாம், இந்த வலியே ஏறி இறங்கும் சுபாவமுள்ளது என்றார் அவர். செல் போட்டவர்களில் சிலருக்குத் தேவலை, சிலருக்கு இல்லை. இன்னும் நிறையப் பேரிடம் பார்த்தால்தான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியும்.

மூன்றாம் வருஷம் வலி திரும்பியது. இந்தமுறை அவளே மூட்டு மாற்றச் சொன்னாள், ஒரே ஒரு நிபந்தனையோடு.

“வெட்டி எடுக்கறத எனக்குக் காட்டணும் சார்.”

ஆபரேஷன் முடிந்த மறுநாள் தட்டில் வைத்துக் காட்டினார்கள். எலும்பின் முனை தந்தம்போல வழவழவென்று மின்னியது. இவ்வளவு தேய்ந்தும் இத்தனை பளபளப்பா என்று வியந்து, உறை மாட்டிய விரலால் அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சென்னகிருஷ்ணனையும் கிட்ட வந்து பார்க்கச் சொன்னாள்.